டர்பன் கடலோரத்துக்கு ஏற்ற மடக்குக்கத்தி: பார்த்து வாங்குவது எப்படி

மடக்குக்கத்தி வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எந்த எஃகு நல்லது?" என்பதுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: அலகு எவ்வளவு மெல்லிசு, முதுகிலிருந்து வாய் (வெட்டும் விளிம்பு) வரை எப்படிச் சரிந்து இறங்குகிறது? அன்றாடக் கத்தியின் பாதிக் குணம் இதில்தான் இருக்கிறது. மூன்றரை மில்லிமீட்டர் தடித்த அலகு எத்தனை விலை உயர்ந்த எஃகில் செய்ததானாலும், ஊறுகாய்க்கு வைத்த பச்சை மாங்காயில் பாதி இறங்கியதும் காயைப் பிளந்துவிடும். இரண்டு மில்லிமீட்டர் தடிப்புள்ள சாதாரண விக்டோரினாக்ஸ் சுவிஸ் கத்தி அதே காயை மெல்லிய வில்லைகளாகச் சீவிப் போட்டுவிடும்.

அடுத்தது ஊர். இணையத்தில் கத்தியைப் பற்றி எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் உலர்ந்த, குளிர்ந்த ஊர்க்காரர்கள். தென்னாப்பிரிக்கக் கடலோரத்தில், டர்பன், இசிப்பிங்கோ, டோங்காட் பக்கம் காற்றிலேயே ஈரமும் உப்பும் இருக்கின்றன. கோடையில் கைவியர்வை சேர்ந்துகொள்ளும். உள்நாட்டில், ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவில் வருடக்கணக்கில் பளபளவென்று கிடக்கும் கத்தி, இங்கே பக்கியின் (சிறு சரக்கு வண்டி) டாஷ்போர்டு அறையில் சில வாரத்திலேயே புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும். இங்கே சொல்லும் ஆலோசனை எல்லாம் இந்த இரண்டையும் வைத்துத்தான்.

என்ன வேலைக்கு?

பார்சல் பிரிப்பது, பிளாஸ்டிக் கட்டு வெட்டுவது, கறிவேப்பிலைக் கொம்பு கழிப்பது, பூசைக்கு வாழையிலை அறுப்பது, எலுமிச்சை பிளப்பது, தூண்டில் நரம்பு அறுப்பது, பில்டாங் என்னும் உலர்த்திய இறைச்சி சீவுவது. இவற்றில் எதற்கும் 8.5 சென்டிமீட்டரைத் தாண்டிய அலகு தேவையில்லை. 6.5 முதல் 8.5 வரை போதும். மடக்கிய நிலையில் கத்தி 9 முதல் 11 சென்டிமீட்டருக்குள் இருந்தால் சட்டைப்பையிலும் அடங்கும். எடை 100 கிராமுக்குக் கீழே இருக்கட்டும். அதற்கு மேலே போனால் மெல்லிய கால்சட்டைப் பையில் தொங்கித் தொடையில் அடிக்கும். கடைசியில் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவீர்கள்.

விரதம் இருக்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. மீனும் இறைச்சியும் பட்ட கத்தியைப் புரட்டாசியிலோ காவடி வேளையிலோ எடுக்க மனம் ஒப்பாதவர்கள், விலை கூடிய ஒரே கத்தியை வாங்குவதைவிட மலிவான இரண்டை வாங்குவது நல்லது. ஒன்று தூண்டில் பெட்டியில் கிடக்கட்டும், இன்னொன்று பையில் இருக்கட்டும். மடக்குக்கத்தியின் உள்ளிடுக்கில் ஏறிய மீன் செதிலையும் கொழுப்பையும் முழுதாகக் கழுவி எடுப்பது எளிதல்ல என்பதும் இதற்கு ஒரு காரணம்.

அலகின் வடிவம்

முதுகில் 2 முதல் 3 மி.மீ. தடிப்பு சரியானது. அதைவிட முக்கியம், கூர் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே உள்ள தடிப்பு: அரை மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் நன்றாக அறுக்கும். ஒரு மில்லிமீட்டரை நெருங்கினால் அது உளி. கடையில் வெர்னியர் கொண்டு அளக்க வேண்டியதில்லை. கத்தியை முனைப் பக்கமாக நேராகப் பாருங்கள். முதுகிலிருந்து வாய் வரை ஒரே சரிவாக இறங்குகிறதா, அல்லது பாதி தூரம் தடிப்பாகவே வந்து கடைசியில் திடீரென்று மடிகிறதா என்பது கண்ணுக்கே தெரியும். முதலாவதை எடுங்கள்.

முனை மெதுவாகக் கீழிறங்கும் அலகு எல்லா வேலைக்கும் பொருந்தும். வாய் நேர்கோடாக இருந்து முதுகு வளைந்து இறங்கும் வகை அட்டைப்பெட்டிக்கும் கயிற்றுக்கும் மிக நல்லது. ஆனால் பழத்தோல் சீவ அத்தனை வசதியில்லை. ரம்பப்பல் வைத்த வாய் கயிறு, நரம்பு தவிர வேறெதற்கும் உதவாது. அதைச் சாணை பிடிக்கத் தனிக் குச்சியும் பொறுமையும் வேண்டும். மீன்பிடிப்பவர்கள் தவிர மற்றவர்கள் விட்டுவிடலாம். கறுப்புப் பூச்சு, மண்டையோட்டுப் படம், ராணுவப் பெயர் உள்ள கத்திகளையும் விட்டுவிடலாம். அவற்றில் பெரும்பாலும் காசு போவது பூச்சுக்குத்தான்.

எஃகு: கடலோரத்துக்கு எது?

கார்பன் எஃகு சீக்கிரம் கூராகும், நல்ல வாய் பிடிக்கும். ஆனால் எலுமிச்சை, பச்சை மாங்காய், புளி பட்ட உடனே கறுக்கும். அறுத்த துண்டில் இரும்பு வாசம் ஏறும். கறுத்த படலம் தானாக ஒரு காப்பாக அமையும் என்பது உண்மைதான். ஆனால் உப்புத் தண்ணீருக்கு அந்தக் காப்பு போதாது. கடலுக்குப் போகிறவர்கள் கார்பன் எஃகு வாங்க வேண்டாம்.

பலர் ஏமாறும் இடம் டி2 என்ற எஃகு. "அரை ஸ்டெயின்லெஸ்" என்று சொல்லி விற்பார்கள். அதில் சுமார் 12 சதவீதம் குரோமியம் இருக்கிறது, கேட்க நிறையத்தான். ஆனால் கார்பனும் ஒன்றரை சதவீதம் இருப்பதால், குரோமியத்தில் ஒரு பங்கு கார்பனோடு சேர்ந்து கடினமான துகள்களாகிவிடுகிறது. துருவைத் தடுக்க மிஞ்சுவது கொஞ்சம்தான். ஜோஹன்னஸ்பர்க் பெட்டிக்கிடங்கில் வேலை செய்பவருக்கு டி2 அருமையான எஃகு. உம்லாங்காவில் பாறைமேல் நின்று தூண்டில் போடுபவருக்கு அது தலைவலி.

கடலோரத்தில் நம்பி வாங்கக்கூடியவை: ஸ்வீடன் எஃகான 12சி27, 14சி28என்; ஜெர்மன் 1.4116, ஆஸ்திரியாவின் போலர் என்690. கடைசியாகச் சொன்னது தென்னாப்பிரிக்கக் கைவினைக் கத்திக்காரர்கள் பலர் விரும்பி எடுப்பது. சீன 8சிஆர்13எம்ஓவி மலிவு, ஆனால் மோசமில்லை. துடைத்து வைத்தால் நன்றாகவே உழைக்கும். எஸ்35விஎன் போன்ற தூள் எஃகுகள் (உலோகத்தூளிலிருந்து செய்பவை) கூர்மையை நெடுநாள் பிடித்து வைக்கும். ஆனால் மழுங்கினால் சாதாரணச் சாணைக்கல்லில் அழுது வடியும், வைரத்தகடு வேண்டும். சொந்தமாகச் சாணை பிடிக்கத் தெரியாதவர்கள் அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கலாம். தினமும் உப்புநீரில் கை வைப்பவர்களுக்கு எல்சி200என் என்று ஒன்று இருக்கிறது. அதில் கார்பனின் பெரும்பங்கு வேலையை நைட்ரஜன் செய்கிறது. ஸ்பைடர்கோ கம்பெனியின் சால்ட் வரிசையில் கிடைக்கும், விலை கடிக்கும்.

அலகில் வெறும் "ஸ்டெயின்லெஸ்" என்றோ "சர்ஜிக்கல் ஸ்டீல்" என்றோ மட்டும் பொறித்திருந்தால் அதற்கு அர்த்தமே இல்லை. "440" என்று எண் மட்டும் இருந்து பின்னால் எழுத்து இல்லையென்றால், உயர்ந்த வகையான 440சி என்று நினைத்து ஏமாறாதீர்கள்; 440ஏ-வில் கார்பன் குறைவு, கூர் சீக்கிரம் போகும். மலிவு விலையில் அலையலையாக "டமாஸ்கஸ்" கோலம் தெரிந்தால், அது பெரும்பாலும் மேலே பொறித்த படம்தான்.

எஃகின் பெயரைப் போலவே தோய்ச்சலும் (சூடாக்கிக் குளிர்வித்துக் கடினமாக்குவது) முக்கியம். நல்ல எஃகைக் கெட்ட பதத்தில் தோய்த்தால் தகரம்தான். வெளியிலிருந்து பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் எஃகின் கடினத்தைக் காட்டும் ராக்வெல் எண்ணை எழுத்தில் தரும் கம்பெனியாகப் பார்த்து வாங்கச் சொல்கிறோம். விக்டோரினாக்ஸ் 56 அளவில் வைக்கிறது: சீக்கிரம் மழுங்கும், ஆனால் ஐந்து நிமிடத்தில் மீண்டும் கூராகும், விளிம்பு உதிராது. 58 முதல் 60 நல்ல நடுநிலை. 61-ஐத் தாண்டினால் கவனமாகக் கையாள வேண்டிய கத்தி.

பூட்டு

பூட்டே இல்லாமல், முதுகிலுள்ள வில்லின் அழுத்தத்தில் மட்டும் நிற்கும் கத்தி ஒரு வகை. விக்டோரினாக்ஸின் பெரும்பாலான சிறிய கத்திகள் இப்படித்தான். பழம், பார்சல், கயிறு என்று அறுக்க மட்டும் செய்கிறவர்களுக்கு இதுவே போதும். முனையால் குத்தித் துளைபோடும் பழக்கம் உள்ளவர்கள் பூட்டு உள்ளதை வாங்க வேண்டும். குத்தும்போது அலகு மடங்கினால் வெட்டுப்படுவது ஆள்காட்டி விரல்.

முதுகுப் பூட்டு உறுதியானது, பழையது, இடக்கை வலக்கை இரண்டுக்கும் ஒன்றுதான். குறை என்னவென்றால், நடுவிலுள்ள பள்ளத்தில் குப்பை சேர்ந்தால் பூட்டு முழுதாக விழாது. வாழைக்கறை அப்படி இறுகிப்போகும்.

உள்தகட்டுப் பூட்டில், கைப்பிடிக்குள் உள்ள தகடு அலகின் அடிக்குப் பின்னால் வந்து நிற்கும். அந்தத் தகட்டையே கைப்பிடியின் ஒரு பக்கமாக ஆக்கியதுதான் சட்டப்பூட்டு. இதைக் கொண்டுவந்தவர் தென்னாப்பிரிக்கரான கிறிஸ் ரீவ். இங்கிருந்து அமெரிக்கா போன பின் அவர் செய்த செபென்சா கத்தியை இன்றும் உலகம் முழுக்கப் பலர் பார்த்துச் செய்கிறார்கள். இவ்விரண்டிலும் பார்க்க வேண்டியது ஒன்றே: புதுக்கத்தியில் தகடு அலகின் அடித்தடிப்பில் கால் பங்கிலிருந்து பாதி வரை வந்து நிற்க வேண்டும். ஓரத்தில் மட்டும் தொட்டு நின்றால் வழுக்கலாம். முக்கால் பங்கைத் தாண்டிப் போயிருந்தால் தேய்மானத்துக்கு இடமே இல்லை. சீக்கிரத்தில் ஆட்டம் காணும். இடக்கைக்காரர்களுக்கு இந்தப் பூட்டுகள் பெரும்பாலும் எதிர்ப்பக்கமாக அமையும். அவர்கள் முதுகுப் பூட்டோ, கழுத்தில் வளையத்தைத் திருப்பிப் பூட்டும் வளையப் பூட்டோ தேடுவது நல்லது.

மூன்று பெயர்கள்

*விக்டோரினாக்ஸ்.* 91 மி.மீ. ஸ்பார்ட்டனோ, அலுமினியக் கைப்பிடி கொண்ட 84 மி.மீ. கேடட்டோ முதல் கத்தியாக வாங்குபவருக்கு ஏற்றது. எளிதில் துருப்பிடிக்காது, யாரையும் பயமுறுத்தாது. கேடட்டின் கைப்பிடி வழுக்காது. வியர்வைக் கைக்கு அது மேல்.

*ஒப்பினெல் எண் 8.* அலகு 8.5 செ.மீ., எடை ஐம்பது கிராமுக்குள். மாங்காய் அறுக்க இதைவிட நல்ல மடக்குக்கத்தி இந்த விலையில் கிடையாது. 1955 முதல் அதில் சுழல்வளையப் பூட்டு உண்டு. ஆனால் கைப்பிடி மரம். டர்பனின் ஜனவரி ஈரத்தில் மரம் உப்பி அலகை இறுகப் பிடித்துக்கொள்ளும். நகத்தால் இழுத்துத் திறக்க முயலாதீர்கள், நகம்தான் போகும். வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பி, கைப்பிடியின் பின்முனையை மேசையோரத்தில் தட்டினால் அலகு கொஞ்சம் வெளியே வரும். நிரந்தரமாகத் தீர்க்க வேண்டுமானால், வறண்ட நாளில் அச்சாணி இடுக்கில் ஆளிவிதை எண்ணெயோ மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபினோ சில துளி விட்டு ஓரிரு நாள் ஊறவிடுங்கள். அதன் பிறகும் இறுக்கமாக இருந்தால் அலகு போகும் பள்ளத்தின் உட்பக்கத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்க்கலாம். கார்பன், இனாக்ஸ் (ஸ்டெயின்லெஸ்) என்று இரண்டு வகை விற்கிறார்கள், கடலோரத்தில் இனாக்ஸ்.

*ஓகாப்பி.* ஜெர்மனியின் சோலிங்கனில் ஆப்பிரிக்கச் சந்தைக்கென்று தொடங்கி, பிற்பாடு நம் குவாசூலு-நட்டால் மாகாணத்துக்கே வந்து சேர்ந்த கத்தி. மரக் கைப்பிடியில் பிறையும் நட்சத்திரமும், முதுகில் இழுத்துப் பூட்டை விடுவிக்கும் வளையம், கரகரவென்று படிப்படியாகத் திறக்கும் சத்தம். கார்பன் எஃகு, மெல்லிய அலகு, மிக மலிவு, வெட்டு அபாரம். தோட்டத்திலும் கருவிப்பெட்டியிலும் வைத்துக்கொள்ளத் தாராளமாக வாங்கலாம். ஆனால் இந்த நாட்டில் அதன் பெயர் கத்திக்குத்துச் செய்திகளோடு ஒட்டிப்போயிருக்கிறது. ஊருக்குள் பையில் போட்டுக்கொண்டு நடக்க இது வேண்டாம். போலீஸ்காரர் சோதனையில் அதைப் பார்க்கும் பார்வையே வேறு.

கடையில் கையில் எடுத்ததும்

மடக்கிய கத்தியை நேராகப் பிடித்து, அலகு இரு பக்கத் தகடுகளுக்கும் நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். சற்று ஒதுங்கியிருந்தால் அச்சாணித் திருகைச் சரிசெய்யலாம். தகட்டில் உரசினால் வேண்டாம். மடக்கிய நிலையில் கைப்பிடியின் திறந்த பக்கத்தில் விரலை மெல்ல ஓட்டுங்கள், முனை தட்டுப்படக்கூடாது. தட்டுப்பட்டால் அது பையையும் விரலையும் கிழிக்கும்.

திறந்து, அலகின் நுனியருகே இரு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். பிறகு மேலும் கீழும். பக்க ஆட்டம் பெரும்பாலும் திருகு தளர்வு, இறுக்கினால் போகும். மேல்கீழ் ஆட்டம் பூட்டின் குறை. அதைத் திருகால் சரிசெய்ய முடியாது, அந்தக் கத்தியை வைத்துவிடுங்கள். பூட்டைச் சோதிக்க, விரல்கள் அலகு மடங்கும் வழியில் இல்லாதபடி கைப்பிடியைப் பின்னால் பிடித்து, அலகின் முதுகை மேசைமேல் நிதானமாக அழுத்துங்கள். சுத்தியல் மாதிரி அடித்துப் பார்ப்பது சிலருக்குப் பழக்கம். அது நல்ல பூட்டையும் கெடுக்கும், கடைக்காரரும் சும்மா இருக்கமாட்டார்.

வில் கத்தியானால், திறந்த நிலையில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து வில்லுக்கும் தகட்டுக்கும் இடையில் ஒளி தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் பொருத்தம் நன்று. வாயின் இரு பக்கச் சாணை அகலமும் ஒன்றாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். கடைக்காரர் விட்டால், ஒரு பில் தாளை அடியிலிருந்து முனை வரை இழுத்து அறுங்கள். ஓரிடத்தில் சிக்கினால் அங்கே பிசிறோ (விளிம்பில் மடங்கி நிற்கும் மெல்லிய எஃகு) உதிர்வோ இருக்கிறது. பிசிறு வீட்டில் போகும். உதிர்வு இருந்தால் வேறு கத்தி கேளுங்கள்.

கடைசியாக, கத்தியை இறுகப் பிடித்து, மேசையில் எதையோ அறுப்பதுபோலக் கையை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். உள்ளங்கையில் கிளிப் குத்தினால், அரை மணி நேரம் பில்டாங் சீவியபின் தோல் சிவந்துவிடும். கிளிப்பைக் கழற்றும் வசதி இருக்கிறதா என்று அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கே வாங்குவது

தூண்டில் கடை, வேட்டைச் சாமான் கடை, நடைப்பயணச் சாமான் கடை: இங்கெல்லாம் கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம். நடைபாதையில் பெரிய பெயர் பொறித்துப் பாதி விலைக்குக் கிடைப்பது போலி. விக்டோரினாக்ஸின் சிலுவைக் கேடயம் கோணலாக இருந்தாலோ, ஒப்பினெலில் கிரீடம் வைத்த கை முத்திரை மங்கியிருந்தாலோ, கருவிகளுக்கிடையே பெரிய இடைவெளி தெரிந்தாலோ விலகுங்கள்.

இணையத்தில் உள்நாட்டுக் கடையில் வாங்கினால், 2002-ஆம் ஆண்டின் மின்னணு வணிகச் சட்டப்படி, பொருள் கைக்கு வந்து 7 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம். அனுப்பும் செலவு உங்களுடையது. அதனால் மேலே சொன்ன சோதனைகளை முதல் நாளே செய்யுங்கள், எதையும் அறுக்காமல். குறைபாடுள்ள பொருளுக்கு 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 6 மாதம் தருகிறது: பழுதுபார்ப்பு, மாற்று, பணம் மூன்றில் ஒன்றை நீங்கள் கேட்கலாம். பில்லைப் படம் எடுத்து வையுங்கள். பில் தாளின் எழுத்து சீக்கிரம் மங்கும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் 15 சதவீத வாட் வரி, சுங்கம், கூரியர் கம்பெனியின் கட்டணம் எல்லாம் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

பையில் வைத்துக்கொண்டு நடக்கலாமா?

2013-ஆம் ஆண்டின் ஆபத்தான ஆயுதங்கள் சட்டம் அலகுக்கு இத்தனை சென்டிமீட்டர் என்று வரம்பு எதுவும் வைக்கவில்லை. சட்டவிரோதமாகப் பயன்படுத்தும் எண்ணம் இருக்கிறது என்று நியாயமான சந்தேகம் எழும் சூழலில் வைத்திருப்பதுதான் குற்றம். தண்டனை அபராதம் அல்லது 3 வருடம் வரை சிறை. எந்த இடம், எந்த நேரம், எப்படி நடந்துகொண்டீர்கள், எப்படி எடுத்துச் சென்றீர்கள் என்பதெல்லாம் கணக்கில் வரும். வேலை, சமயச் சடங்கு, விளையாட்டு போன்ற சட்டபூர்வமான காரியங்களுக்கு விலக்கு உண்டு. ஆகவே கோயிலில் வாழையிலை அறுக்கும் கத்திக்குக் கவலை இல்லை. அதே கத்தி நள்ளிரவில் மதுக்கடை வாசலில் இருந்தால் கதை வேறு. கூட்டம், ஊர்வலம், நீதிமன்றம், பள்ளி, விளையாட்டு அரங்கம் ஆகிய இடங்களுக்கு எடுத்துப் போகாதீர்கள். கிங் ஷாகா விமான நிலையத்தில் கைப்பையில் இருந்தால் பறிபோகும். விமானத்தின் சரக்கறைக்கு ஒப்படைக்கும் பெட்டியில் போடுங்கள். காவடி முடிந்து நேரே விமானம் ஏறுகிறவர்கள் பையை ஒருமுறை தடவிப் பார்ப்பது நல்லது.

வாங்கிய பிறகு

கடலுக்குப் போய் வந்தால் கத்தியைத் திறந்து வைத்து நல்ல தண்ணீரில் கழுவுங்கள். அச்சாணிப் பக்கம் தண்ணீர் ஓடட்டும். உதறி, துடைத்து, திறந்தபடியே ஓரிரவு காய விடுங்கள். மடக்கி வைத்தால் உள்ளே நின்ற ஈரம்தான் துருவைத் தொடங்கிவைக்கும். காய்ந்ததும் அச்சாணியில் ஒரு துளி லிக்விட் பாரஃபின். ஒன்றுக்கு மேல் வேண்டாம். மிகுந்த எண்ணெய் தூசியைப் பிடித்துச் சேறாகும். சமையல் எண்ணெய் விடாதீர்கள், சில வாரத்தில் பிசின் மாதிரி ஒட்டும். மாங்காய்ப் பாலும் வாழைக்கறையும் தண்ணீருக்குப் போகாது. எண்ணெய் தொட்ட துணியால் முதலில் துடைத்து, பிறகு சோப்பு.

திருகுகள் பெரும்பாலும் நட்சத்திரத் தலையுள்ள டார்க்ஸ் வகை, டி6, டி8 அளவு. சரியான திருப்புளி இல்லாமல் தொட்டால் தலை மழுங்கும். அச்சாணி அடிக்கடி தளர்ந்தால் நீலநிறத் திருகுப் பசை ஒரு பொட்டு. சிவப்பு வேண்டாம், அப்புறம் கழலாது.

சாணைக்கு ஒரு பக்கம் 400 (சொரசொரப்பு), மறுபக்கம் 1000 (நைசு) எண்ணுள்ள கல் ஒன்று போதும். பக்கத்துக்கு 15 முதல் 20 பாகைக் கோணம். கோணம் பிடிபடாவிட்டால் வாயின் சரிவில் மார்க்கர் மையைப் பூசி இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை மேலே மட்டும் போயிருந்தால் கத்தியைக் கொஞ்சம் நிமிர்த்துங்கள். நுனிவிளிம்பில் மட்டும் போயிருந்தால் தாழ்த்துங்கள். முழுச் சரிவிலும் மை போகும் கோணம்தான் சரி. ஒரு பக்கம் தேய்த்து, மறுபக்கம் அடியிலிருந்து முனை வரை பிசிறு விரலுக்குத் தட்டுப்படும்வரை பக்கம் மாற்றாதீர்கள். சாணை பிடித்தும் கூராகவில்லை என்று சொல்கிறவர்களில் பெரும்பாலோர் இந்தப் பிசிறு எழும் முன்பே கத்தியைப் புரட்டுகிறவர்கள். மறுபக்கமும் அப்படியே. பிறகு 1000-இல் அழுத்தமே இல்லாமல் மாற்றி மாற்றிப் பத்து இழுப்பு, கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் உட்புறத்தில் முதுகுப் பக்கமாக இழுத்துப் பிசிறைப் போக்குங்கள். மாவு அரைக்கும் கடையிலோ தெருவிலோ சுழலும் எமரிச் சக்கரத்தில் கொடுக்காதீர்கள். மெல்லிய வாய் அங்கே நொடியில் சூடேறி நீலம் பாயும். நீலம் பாய்ந்த இடத்தில் தோய்ச்சல் போய்விட்டது, அந்த எஃகைத் தேய்த்து எடுத்தால்தான் மறுபடி கூர் நிற்கும்.